கிரேன் ஏணியும் இரண்டு மதியச் சாப்பாடும்

தொழிற்சாலை முதலுதவி அறையில் நர்ஸாக இருப்பவளைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேருக்கு உடம்புக்கு ஒன்றும் இருக்காது. கட்டில் காலியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் வருவார்கள். மீதிப் பேரில் விரலை நசுக்கிக்கொண்டு வருபவர்களைக் கூடச் சமாளித்துவிடுவேன். "எடையைக் குறைங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பியவர்களை மட்டும் என்னால் சமாளிக்க முடிந்ததில்லை. விரலுக்குக் கட்டுப் போட்டால் ஆறிவிடும், வாய்க்கு எங்கே கட்டுப் போடுவது?

ஒரகடத்துக்குச் சற்று முன்னால், லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை செய்கிற கம்பெனி அது. நான் சொல்வது 1991-ல் நடந்தது. அப்போது அந்தச் சாலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் புகைபோக்கிகள் தெரியும், மற்றதெல்லாம் வயலும் ஏரியும்தான். நான் தாம்பரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். இதைப் படிக்கிற உங்களில் எடை குறைக்கப் பார்த்துத் தோற்றவர்கள் இருப்பீர்கள், அப்படி ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு அவஸ்தைப்படுகிறவர்களும் இருப்பீர்கள். என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும். தயவுசெய்து என் எடை என்ன என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள்.

தராசின் மேல் பழி

பொங்கல் முடிந்ததும் எல்லோருக்கும் உடல் பரிசோதனை நடந்தது. வாரத்துக்கு ஒருநாள் வருகிற டாக்டர், ஏழுமலை என்ற கிரேன் ஆபரேட்டரை மட்டும் தனியாக நிறுத்திவைத்துவிட்டார். ஏழுமலை பிள்ளைப்பாக்கத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர். நிலம் கொடுத்த குடும்பத்தில் ஒருவருக்கு வேலை என்று கம்பெனிக்குள் வந்தவர். அதுவரை ஏர் ஓட்டிக்கொண்டிருந்த மனிதரை, கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடுகிற கிரேனின் கூண்டுக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். ஷிப்ட் முழுக்க உட்கார்ந்தே வேலை. ஆனால் வயலில் இறங்கி உழைத்தபோது சாப்பிட்ட அளவை மட்டும் அவர் விடவில்லை. ரத்த அழுத்தம் ஏறியிருந்தது, சர்க்கரையும் எட்டிப் பார்த்திருந்தது. "ஆடி மாசத்துக்குள்ள எடை இறங்கணும். இல்லேன்னா கிரேன்ல ஏற விடமாட்டேன். மேல உனக்கு மயக்கம் வந்தா, கீழ நிக்கிறவன் தலையில இரும்பு விழும்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்தக் கூண்டுதான் ஏழுமலைக்கு உயிர். ஊரில் அவர் வீட்டுக்கு 'கிரேன்காரர் வூடு' என்றே பெயர் வந்திருந்தது. அதை இழந்தால் கீழே நின்று சங்கிலி மாட்டுகிற வேலைதான். இவ்வளவு தெரிந்தும் அவர் முதலில் சந்தேகப்பட்டது தன் உடம்பை அல்ல, என் அறையில் இருந்த எடை மெஷினை. அது பழசு, முள் நகர்ந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் வேண்டாமென்று ஒதுக்கியதை வாங்கி வைத்திருக்கிறார்கள் என்றெல்லாம் ஷெட் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். கடைசியில் பட்டைக் கட்டுகளை நிறுக்கிற பெரிய தராசில் போய் ஏறி நின்றார். கூடவே போய் நானும் பார்த்தேன். அது இன்னும் கூடுதலாகக் காட்டியது. பூட்ஸைக் கழற்றச் சொன்னேன், சட்டைப் பையில் இருந்த சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டேன். அப்புறமும் முள் என் மெஷின் சொன்ன இடத்தில்தான் வந்து நின்றது. இனிமேலாவது ஒப்புக்கொள்வார் என்று பார்த்தால், தராசை விட்டு இறங்கி, அதைப் பரிதாபமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அதும் மேல தப்பு இல்ல சிஸ்டர். நாளெல்லாம் இரும்ப நிறுத்துக்கினு கீது, மனுசன் ஏறினாலும் இரும்புன்னே நெனைச்சுக்குது."

கொள்ளு ரசம்

மெஷின் கைவிட்டதும் ஏழுமலை வைத்தியத்தில் இறங்கினார். ஷெட்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். விடிந்ததும் வெந்நீரில் எலுமிச்சை, ஒருநாள் விட்டு ஒருநாள் வாழைத்தண்டுச் சாறு. இதையெல்லாம் அவர் ஒழுங்காகக் குடித்தார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் குடித்துவிட்டதால் இனி எதைச் சாப்பிட்டாலும் அந்தச் சாறு பார்த்துக்கொள்ளும் என்று ஒரு தைரியம் வந்துவிட்டது. எலுமிச்சைத் தண்ணீருக்கு அப்புறம் அவர் சாப்பிட்ட இட்லியைக் கேட்டு நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு கொள்ளு ரசம் வந்தது. அவர் மனைவி கன்னியம்மாள் அதைப் பிரமாதமாக வைப்பாளாம். பூண்டு தட்டிப் போட்டு, நெய்யில் தாளித்து! ஒரு மாதம் ரசம் குடித்துவிட்டு வந்து நின்றபோது எடை ஏறியிருந்தது. "ரசம் குடிச்சு எடை ஏறின ஒரே ஆள் நீங்கதான். எப்படிக் குடிக்கிறீங்க?" என்று கேட்டேன். ஏழுமலை என்னை உலகம் தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அவ்ளோ ருசியான ரசத்த சும்மா எப்பிடி சிஸ்டர் குடிக்கிறது? ரெண்டு கரண்டி சோறு கூட வாங்கினாத்தான எறங்கும்!"

நடக்க விடாத சாலை

நடுவில், வருகைக் கணக்கும் சம்பளப் பிடித்தமும் பார்க்கிற டைம் ஆபீஸ் பார்த்தசாரதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவருக்கும் டாக்டர் அதே தீர்ப்பைத்தான் சொல்லியிருந்தார். படித்தவர், மணிமங்கலத்தில் வீடு. தினமும் கம்பெனி பஸ்ஸை விட்டுக் கொஞ்சம் முன்னதாக இறங்கி நடந்து வாருங்கள் என்றேன், உடனே சரி என்றார். இவர் ஒருவராவது சொன்னதைக் கேட்கிறாரே என்று மனசு குளிர்ந்துபோனது.

முதல் நாள் அவர் நடந்ததைப் பார்த்த ஒரு டிவிஎஸ் 50-காரர், பாவம், பஸ்ஸை விட்டுவிட்டார் போலிருக்கிறது என்று வற்புறுத்தி ஏற்றிக்கொண்டு வந்து கேட்டில் விட்டார். மறுநாள் எங்கள் கம்பெனி லாரியே நின்றது. மூன்றாம் நாள் யாருடைய வண்டியிலும் ஏறுவதில்லை என்று கறாராக இருந்தார். அன்றைக்கு டீக்கடையில் பிடித்துக்கொண்டார்கள். வேலை போய்விட்டதா, வீட்டில் ஏதாவது தகராறா என்று விசாரித்து, மனசு கஷ்டப்படாதீங்க சார் என்று டீயும் சூடாக மசால் வடையும் கொடுத்து ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். அந்த வடைக்காகவே அவர் அப்புறம் ஒரு வாரம் விடாமல் நடந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. வாரக் கடைசியில் மெஷினில் ஏறி, முள்ளைப் பார்த்துவிட்டு, குற்றத்தை முழுக்க ஊர் மேல் போட்டார்.

"நடக்கறதுக்கு நான் தயார் சிஸ்டர். இந்த ரோட்டுல மனுஷனை நிம்மதியா நடக்க விடமாட்டேங்கறாளே!"

ஒரே வயிறு, இரண்டு சாப்பாடு

ரசத்தை நிறுத்தியும் ஏழுமலைக்கு எடை இறங்கவில்லை. ஆடி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனுக்கே போய் உட்கார்ந்தேன். ஏழுமலை முதல் பந்தியில் சாதம், சாம்பார், பொரியல், அப்பளம் என்று எதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுக் கை கழுவினார். அது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் உடம்பு இவ்வளவு பெருக்க அது மட்டும் போதாதே என்று நினைத்துக்கொண்டே பின்னால் போனேன். ஷெட்டின் மூலையில், கிரேன் ஏணிக்கு அடியில், நாலடுக்குக் கேரியர் ஒன்று காத்திருந்தது. ஏழுமலை சம்மணம் போட்டு உட்கார்ந்து, புதிதாகப் பசி எடுத்தவர் போல முதல் அடுக்கைத் திறந்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. விசாரித்தால் அவரிடம் நியாயம் தயாராக இருக்கிறது. கேன்டீனில் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள், பிடித்த சோற்றை விடலாமா? வீட்டுக் கேரியரோ, கேரியர் எடுக்கும் சைக்கிள்காரரோடு ஊர் நடுவே வருகிறது. ஒருநாள் அது வராவிட்டால் ஏழுமலைக்கும் கன்னியம்மாளுக்கும் சண்டை என்று தெருவே பேசும். மிச்சம் வைத்துத் திருப்பி அனுப்பினால் நிஜமாகவே சண்டை வரும். கேன்டீன் பிடித்தத்தை இவருக்கு மட்டும் நிறுத்துங்கள் என்று டைம் ஆபீஸில் போய்க் கேட்டேன். ஒரு ஆளுக்காக விதியை மாற்ற முடியாது என்று பார்த்தசாரதி வடை வாசனையோடு சொன்னார். நான் திரும்பி வந்து ஏழுமலையிடம், "இதுல எந்தச் சாப்பாடுதான் உங்களுக்குன்னு சாப்பிடறீங்க?" என்று கத்தியே விட்டேன். அவர் கையில் இருந்த உருண்டையை வாயில் போட்டு மென்றுவிட்டுச் சொன்னார்:

"கேன்டீன்ல துன்றது கம்பெனிக்கோசரம், கேரியர்ல துன்றது பொண்டாட்டிக்கோசரம். எனக்கோசரம் இன்னும் துன்னவே இல்ல சிஸ்டர்."

பாஸ்

டாக்டர் மறுபடி பார்க்கும் நாள் வருவதற்குச் சில வாரம் முன்னால் ஏழுமலைக்குத் திடீரென்று பயம் பிடித்துக்கொண்டது. கேன்டீன் பக்கமே போகவில்லை. கேரியரை உடன் வேலை செய்பவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, வெள்ளரிக்காயும் தண்ணீருமாகக் கிடந்தார். கண் உள்ளே போய்விட்டது, முகம் கருத்துப்போனது. இப்படிச் செய்யாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், குறைத்ததை அப்படியே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். கேட்டால்தானே? டாக்டர் வந்தார், எடை பார்த்தார், முதுகில் தட்டிக்கொடுத்தார். ஏழுமலை ஜெயித்துவிட்டு வருகிறவர் மாதிரி கிரேனில் போய் ஏறினார்.

அந்த வாரமே ஊரில் அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள், கெடா வெட்டினார்கள். பட்டினி கிடந்த உடம்புக்கு ஈடு செய்ய வேண்டுமென்று மச்சான் வீட்டில் படப்பைக்கு அழைத்துப் போய் விருந்து வைத்தார்கள். புரட்டாசி பிறப்பதற்குள் போன எடை திரும்பி வந்தது, வரும்போது துணைக்கு இன்னும் கொஞ்சத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது. "நான் அவ்வளவு சொன்னேனே, ஏன் இப்படி?" என்று கேட்டேன். என்னிடம் இப்படி ஒரு கேள்வியா என்று அவருக்கு உண்மையிலேயே ஆச்சரியம்.

"அதான் பாஸ் ஆயிட்டனே சிஸ்டர்! பாஸ் ஆன அப்பாலயும் எவனாச்சும் உக்காந்து படிப்பானா?"

பாதி ஏணியில்

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜை அன்று குடும்பத்தோடு வரலாம். அவரவர் மெஷினுக்கு அவரவர்தான் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்ட வேண்டும் என்பது எழுதாத சட்டம். ஒருவருடைய மெஷினுக்கு இன்னொருவர் கற்பூரம் காட்டினால், அந்த மெஷினே கை மாறிவிட்டது என்று அர்த்தம். கன்னியம்மாள் புதுப் புடவையில், கூந்தல் நிறையப் பூவோடு வந்திருந்தாள். புருஷன் ஓட்டுகிற கிரேனை அவள் பார்த்ததே இல்லை. ஏழுமலை பூஜைச் சாமான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் பக்கம் திரும்பி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு ஏற ஆரம்பித்தார். ஷெட்டே அண்ணாந்து பார்த்தது.

பாதி ஏணியில் நின்றுவிட்டார். மூச்சு வாங்கிக்கொண்டு போவார் என்று நினைத்தேன். போகவில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை நெஞ்சில் வைத்து, ஏணி நடுவே கால் ஊன்ற வைத்திருந்த சின்ன இரும்பு மேடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் போட்ட சத்தத்தில் தண்டபாணி ஓடிவந்து ஏறினான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், ஏழுமலை விடுப்பு எடுத்தால் கிரேன் ஓட்டுபவன். அவரைப் பிடித்து மெதுவாக இறக்கினார்கள். என் கட்டிலில் படுக்கவைத்து அழுத்தம் பார்த்தேன், நிறையவே ஏறியிருந்தது. வெளியே நல்ல நேரம் போய்க்கொண்டிருந்ததால் தண்டபாணியே மேலே போய்க் கற்பூரம் காட்டினான். கிரேன் மணியை அவன் அடித்த சத்தம் என் அறை வரைக்கும் கேட்டது. ஏழுமலை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் அழுகிறார் என்று தெரிந்தது. எத்தனையோ நாள் அவரைத் திட்டியவள் நான், அன்றைக்கு எனக்கும் அழுகை வந்தது. கன்னியம்மாள் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"இத்தினி நாளும் அவருக்குச் சோறுதான் போட்டுக்கினு இருக்கேன்னு நெனைச்சேன் சிஸ்டரம்மா."

நாலடுக்கு

அடுத்த வாரம் டாக்டர் வந்து ஒரே வரியில் ஏழுமலையைக் கிரேனிலிருந்து இறக்கிவிட்டார். கீழே சங்கிலி மாட்டுகிற வேலை. கூண்டில் தண்டபாணி. ஏழுமலை என் அறைப் பக்கமே வருவதை நிறுத்திக்கொண்டார். கன்னியம்மாள்தான் கம்பெனி கேட்டுக்கு வந்து என்னைக் கூப்பிட்டு விட்டாள். எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஆடி வரைக்குமா, பொங்கல் வரைக்குமா என்று கேட்காத ஒரே ஆள் அவள்தான். "எப்பவுமே இப்படித்தான் சாப்பிடணும்மா" என்றேன். சரியென்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

நல்லது, கேரியர் நின்றுவிடும் என்று பார்த்தால், மறுநாளும் அதே நாலடுக்கு சைக்கிளில் ஆடிக்கொண்டு வந்தது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. நேரே போய் நானே திறந்தேன். ஒரு அடுக்கில் கீரை. ஒன்றில் சுரைக்காய்க் கூட்டு. ஒன்றில் நறுக்கிய வெள்ளரி. கடைசியில் மோர். சோறு ஒரு பருக்கை கூட இல்லை. கேன்டீனில் ஒரே கரண்டி சாதம் வாங்கி வந்து, இதையெல்லாம் போட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும் என்பது உத்தரவாம். கம்பெனியின் பிடித்தமும் வீணாகவில்லை, ஊர் வாயும் அடைபட்டது. அடுத்த முறை அவளைப் பார்த்தபோது இந்த யோசனை எப்படி வந்தது என்று கேட்டேன்.

"கேரியரு நாலடுக்கு போவுதான்னுதான் ஊரு பாக்குது. உள்ள இன்னா கீதுன்னு ஊருக்கு இன்னாத்துக்கு சிஸ்டரம்மா?"

ஏற்றமும் இறக்கமும்

கீழே வேலை என்றால் கிரேன் போகிற பக்கமெல்லாம் கூடவே நடக்க வேண்டும். உலை வாசலில் இருந்து லாரி நிற்கிற இடம் வரை, போய்க்கொண்டும் வந்துகொண்டும். அவமானத்தோடு நடந்தாலும் நடை நடைதானே. எடை மெதுவாக, சொல்லிக்கொள்ளும்படி இல்லாமல், ஆனால் ஏறாமல் இறங்கிக்கொண்டே வந்தது. கோடையில் டாக்டர் பார்த்து, மறுபடி கிரேனுக்குப் போகலாம் என்றார். இனித் தொல்லை விட்டது என்று நான் பெருமூச்சு விட்டபோது ஏழுமலை புதிதாக ஒரு தொல்லையைக் கிளப்பினார். நடை நின்றால் எடை திரும்பிவிடும், அதனால் முழு ஷிப்ட்டும் மேலே உட்கார மாட்டாராம். டீ நேரம் வரைக்கும் மேலே, அப்புறம் கீழே. தண்டபாணி அதற்கு நேர்மாறாக. எந்தக் கிரேன் போனதென்று அழுதாரோ, அதில் பாதியை அவரே வேண்டாமென்றார். அப்படியொரு வழக்கம் இல்லை என்று சூப்பர்வைசர் என்னிடம் வந்து குதித்தார், ஏதோ நான்தான் சொல்லிக்கொடுத்த மாதிரி.

கடைசியில் சூப்பர்வைசர் ஒப்புக்கொண்டார். ஆளைத்தான் திருத்தினோமே, இனி என் கதவைத் தட்ட யாருமில்லை என்று இருந்தேன். சில மாதம் போனதும் தண்டபாணி வந்து, சட்டைப் பொத்தான் வயிற்றில் இழுத்துக்கொண்டு நிற்க, எடை மெஷினைத் தேடினான்.

"அண்ணாச்சி கீழ எறங்குனதுல இருந்து மாசக்கணக்கா நாந்தான மேல உக்காந்து கெடந்தேன். அடுத்து என்னையத்தான் புடிப்பியன்னு நானே வந்துட்டேன் சிஸ்டர்."

மறுபடியும் மணி

மறு வருஷ ஆயுத பூஜைக்குக் கன்னியம்மாள் வந்தாள். புதுப் புடவை, அதே பூ. ஆனால் ஏணிப் பக்கம் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஏழுமலை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினார். போன வருஷம் உட்கார்ந்த இடம் வந்ததும் நானும் அவள் கையை இறுக்கிக்கொண்டேன். அவர் அங்கே ஒரு நொடி நின்று, கீழே எங்களைப் பார்த்துவிட்டு, மேலே போனார். கூண்டுக்குள் கற்பூரம் தெரிந்தது. அப்புறம் மணி அடித்தது, தேவைக்கு மேல் ரொம்ப நேரம்.

"ஏறிட்டாரும்மா, கண்ணைத் திற" என்றேன். அவள் திறந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கேன்டீன் பக்கமிருந்து சர்க்கரைப் பொங்கலின் நெய் வாசனை வந்துகொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் ஒரு பார்வை, மேலே ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் என் காதருகே வந்து, ஒரு வருஷமாக நான் சொல்லிக்கொண்டிருந்த அதே எரிச்சல் குரலில் சொன்னாள்:

"எறங்கினதும் நேரா பொங்கலுக்குத்தான் ஓடுவாரு. இன்னொரு வாட்டி ஏறி எறங்கச் சொல்லு சிஸ்டரம்மா!"

எடையைக் குறைப்பது ஒரு ஷிப்ட் வேலை, அதை ஏறவிடாமல் பார்த்துக்கொள்வது ஆயுசு முழுக்க ஓவர்டைம், அந்த ஓவர்டைமுக்கு எந்தக் கம்பெனியும் சம்பளம் போடுவதில்லை.